கரண்ட் போய்ப் போய் அணைந்த லேப்டாப்: ஃபார்மேட் செய்வதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

கேள்வி: ஏழு வருடப் பழைய லேப்டாப், விண்டோஸ் 10, 1 டிபி ஹார்ட் டிஸ்க். பேட்டரி செத்துவிட்டதால் சார்ஜரில்தான் ஓடுகிறது, கரண்ட் போனால் அப்படியே அணைந்துவிடும். ஹேங் ஆனாலும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்கிறேன். இப்போது ஆன் ஆகவே பத்து நிமிடம் ஆகிறது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்றே நிற்கிறது. ஃபார்மேட் செய்தால் சரியாகுமா? டியூஷன் எடுக்கிறேன், ஐந்து வருட வினாத்தாள்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன.

பதில்: ஃபார்மேட் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். உங்கள் கடைசி வரிதான் என்னைப் பதற வைத்தது. முதல் வேலையாக அந்த வினாத்தாள் ஃபோல்டரை மட்டும் ஒரு பென் டிரைவில் காப்பி செய்துவிடுங்கள். படம், பாட்டு எல்லாம் அப்புறம்.

பட்டனை அழுத்தி அணைத்ததால்தான் ஸ்லோ ஆனது என்று பலரும் நினைக்கிறார்கள், அது பாதிதான் சரி. எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று கரண்ட் போனால், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கை விண்டோஸ் தன் குறிப்பேட்டைப் பார்த்துப் பெரும்பாலும் சரிசெய்துகொள்ளும், ஆனால் ஃபைலுக்குள் இருப்பதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் விண்டோஸின் சொந்த ஃபைல்களே சில பழுதாகலாம், பாதியில் நின்ற அப்டேட் மறுபடி மறுபடி முயன்று பார்க்கும். இன்னொன்றும் இருக்கிறது. டிஸ்க்கில் ஒரு இடம் கெட்டுப்போயிருந்தால் அதைப் படிக்கத் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும், அந்த நேரம் முழுக்க 100% காட்டும், திரை உறைந்து நிற்கும், நீங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்துவீர்கள். அதாவது பட்டனை அழுத்த வைத்ததே கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்காக இருக்கலாம்.

எது என்று கண்டுபிடிக்கலாம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைத் தொட்டால் ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்று ஒன்று தெரியும். படிக்கும் வேகம் சில நூறு கேபி மட்டும், ரெஸ்பான்ஸ் டைமோ ஆயிரக்கணக்கான மில்லிசெகண்ட் என்றால் டிஸ்க் மேல்தான் சந்தேகம். உறுதிசெய்ய கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறங்கள். நீலத்தில் குட் என்று வந்தால் நிம்மதி, மஞ்சளில் காஷன் என்று வந்தால் 05, சி5 என்ற இரண்டு வரிகளையும் பாருங்கள். கெட்டதால் மாற்றப்பட்ட இடங்கள் 05, படிக்க முடியாமல் காத்திருப்பவை சி5. எண்கள் பதினாறின் அடிமானத்தில் இருப்பதால் விநோதமாகத் தெரியும், பயப்படாதீர்கள், எல்லாம் பூஜ்யமா இல்லையா என்பது போதும்.

நீலம் என்றால் சி டிரைவை ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ், டூல்ஸ், செக். அது முடிந்ததும் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஆங்கிலத்தில் எஸ்எஃப்சி, ஒரு இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ் (sfc /scannow) என்று அடித்து விட்டுவிடுங்கள், பழுதான விண்டோஸ் ஃபைல்களை மாற்றித் தரும். பிறகு ஷட்டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் ஷட்டவுனில் விண்டோஸ் தன் பழைய நிலையைச் சேமித்து அடுத்த முறை அதையே எடுத்துவரும், ரீஸ்டார்ட்டில்தான் புதிதாகத் தொடங்கும்.

மஞ்சள் என்றால் இந்த ரிப்பேர் எதையும் தொடாதீர்கள். முழு டிஸ்க்கையும் துருவும் ஸ்கேன், ஏற்கெனவே தள்ளாடுகிற டிஸ்க்குக்கு மணிக்கணக்கான வேலை, அதிலேயே அது போய்விட வாய்ப்பு உண்டு. முக்கியமான ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். கைவைக்கும் இடத்துக்கு அடியிலிருந்து டிக், டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

மாற்றும்போது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க், வாங்குங்கள். உங்கள் வயது லேப்டாப்பில் பெரும்பாலும் அதே இடத்தில் பொருந்தும், கடையில் மாடல் எண்ணைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப்புக்கு இதைவிடப் பெரிய வேக மாற்றம் வேறு எதிலும் கிடைக்காது, பழைய டிஸ்க்கில் முள் நகர்ந்து தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்கிற வேலையே இதில் இல்லை.

ஆனால் அதற்கும் முன்னால் பேட்டரி. அது இல்லாமல் புது எஸ்எஸ்டி போட்டாலும் அடுத்த மின்வெட்டில் அதே கதைதான். இந்த மாதம் முடியாது என்றால் சார்ஜரை இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் செருகுங்கள், மாறும் அந்த நொடியை அடாப்டர் பெரும்பாலும் தாங்கிவிடும். ஹேங் ஆனால் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள், பிறகு கண்ட்ரோல், ஆல்ட், டெலீட். அதுவும் கேட்காவிட்டால் பட்டனை ஒரு தட்டு மட்டும், அழுத்திப் பிடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.