கடைக் கணினிக்கு வீட்டிலிருந்து டனல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: புறக்கோட்டையில் மொத்தக் கடை வைத்திருக்கிறோம். கணக்கெல்லாம் கடைக் கணினியில் இருக்கிறது. இரவில் வெள்ளவத்தை வீட்டிலிருந்து அதைப் பார்க்க வேண்டும். ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்தால் போதும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: தயவுசெய்து திறக்காதீர்கள். ரிமோட் டெஸ்க்டொப்புக்கு, அதாவது தூரத்துக் கணினியின் திரையை இங்கிருந்து இயக்கும் விண்டோஸ் வசதிக்கு, 3389 என்பது ஊருக்கே தெரிந்த கதவு எண். திறந்த போர்ட்டைத் தேடி இணையத்தில் நிரல்கள் இராப்பகலாக அலைகின்றன. இப்படித் திறந்துவிட்ட ஒரு கடைக் கணினியைப் போய்ப் பார்த்தேன். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பெயரில் நுழையப் பார்த்துத் தோற்ற முயற்சிகள், ஒரே இரவில், பக்கம் பக்கமாக. நல்லவேளை, ஒன்றும் பலிக்கவில்லை.

வயர்கார்ட் போடுங்கள். இரண்டு கணினிக்கு நடுவே இணையத்தின் வழியே பூட்டிய தனிப்பாதை (டனல்) போடும் நிரல் அது. 2020 இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலிலேயே சேர்க்கப்பட்டது. விண்டோசுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு கணினியும் தனித்தனியே ஒரு சோடிச் சாவி உருவாக்கும். அதில் பொதுச் சாவியை மட்டும் மற்றக் கணினியில் பதியுங்கள். டனலுக்குள் கடைக்கு 10.8.0.1, வீட்டுக்கு 10.8.0.2 என்று முகவரி கொடுக்கலாம். கடை ரவுட்டரில் யூடிபி வகை 51820 போர்ட்டைக் கடைக் கணினிக்குத் திருப்பிவிடுங்கள். இதுவும் போர்ட் திறப்பதுதானே என்று கேட்பீர்கள். சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது. அங்கே ஒரு கதவு இருப்பதே அவருக்குத் தெரியாது.

அப்புறம் ஒன்று. விண்டோஸ் செயலியில் பச்சை நிறம் வந்தவுடன் இணைந்துவிட்டது என்று நம்பாதீர்கள். கடைசி 'ஹேண்ட்ஷேக்' (இரு கணினியும் சாவியைச் சரிபார்த்துக் கைகுலுக்குவது) எப்போது நடந்தது என்று ஒரு வரி வரும். அந்த வரி வராவிட்டால் டனல் இல்லை. வந்துவிட்டால், ரிமோட் டெஸ்க்டொப்பில் 10.8.0.1 என்று அடியுங்கள்.

கேள்வி: எல்லாம் செய்தும் ஹேண்ட்ஷேக் வரவில்லை. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.72 என்று தொடங்குகிறது. (கொட்டாஞ்சேனை)

பதில்: பிழை உங்களுடையது அல்ல. 100.64 முதல் 100.127 வரையான முகவரிகள், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிட இணைய நிறுவனங்கள் பாவிப்பவை. வெளியிலிருந்து யாரும் உங்கள் ரவுட்டரை நேரே எட்ட முடியாது. போர்ட் திருப்புவதில் பயனில்லை.

இரண்டு வழி. நிறுவனத்திடம் பொது முகவரி கேட்டு வாங்கலாம். இல்லையேல் சிங்கப்பூரிலோ மும்பையிலோ ஒரு சின்ன சேர்வரை வாடகைக்கு எடுத்து, கடையும் வீடும் அதனுடன் இணையுமாறு செய்யலாம். உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பை ரவுட்டர் தடுக்காது. ஆனால் சும்மா கிடந்தால் அதை மறந்துவிடும். அதனால் இரு பக்கமும் 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்' 25 என்று போடுங்கள். 25 விநாடிக்கொரு சின்னத் தரவுப் பொட்டலம் போய் வழியைத் திறந்தே வைத்திருக்கும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும், கடை ரவுட்டரில் எதையுமே திறக்க வேண்டியதில்லை.

கேள்வி: பிங் (இணைப்பைச் சோதிக்கும் சின்னக் கட்டளை) போகிறது, ஆனால் கணக்குப் பக்கம் பாதியில் நின்றுவிடுகிறது.

பதில்: சின்னப் பொட்டலம் போகிறது, பெரியது வழியில் சிக்குகிறது. வயர்கார்ட் வழக்கமாக எம்டியூவை, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவை, 1420 பைட் என்று வைக்கும். இரு பக்கமும் 1280 ஆக்கிப் பாருங்கள்.

கேள்வி: கடை பிரிண்டருக்கும் வீட்டிலிருந்து அனுப்ப வேண்டும். இரண்டு இடத்திலும் உள் முகவரிகள் 192.168.1 என்றுதான் தொடங்குகின்றன.

பதில்: இரண்டும் ஒன்றாக இருந்தால் எது வீடு, எது கடை என்று கணினிக்குத் தெரியாது. ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். வீட்டை 192.168.50 ஆக்குங்கள், கடையில் கை வைத்தால் பில் மெஷின் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

கேள்வி: லண்டனில் இருக்கும் மகனுக்கும் வழி வேண்டும். என் சாவியை வட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். அந்தரங்கச் சாவி பிறந்த கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. மகன் தன் லேப்டொப்பிலேயே சாவி உருவாக்கிப் பொதுச் சாவியை அனுப்பட்டும். அதை வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பரவாயில்லை. அவருக்கு 10.8.0.3 கொடுங்கள். நாளைக்கு லேப்டொப் தொலைந்தால் கடைக் கணினியில் அவருடைய பதிவை மட்டும் அழித்தால் போதும், உங்கள் இணைப்பு அப்படியே இருக்கும்.