முகாமின் தண்ணீர் யார் பொறுப்பு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

படைகளில் நீர் சுத்திகரிப்பு மற்றும் சுற்றுச்சூழல் தொழில்நுட்பவியலராகப் பணியாற்றுவது குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: பள்ளிப் படிப்பை முடித்த என் மகன் படையில் நீர் சுத்திகரிப்புத் தொழில்நுட்பவியலராகச் சேர விரும்புகிறான். குழாய் ரிப்பேர் செய்வதற்குச் சீருடை எதற்கு என்று உறவினர்கள் கேலி பேசுகிறார்கள். இது மதிப்புள்ள வேலைதானா, ஐயா?

பதில்: குழாய் ரிப்பேர் இந்த வேலையில் உண்டு, அம்மா, அதை மறைக்க வேண்டியதில்லை. பம்புகள், வால்வுகள், ஜெனரேட்டர்கள், கசியும் இணைப்புகள் ஆகியவற்றோடு நாளின் பெரும்பகுதி கழியும். ஆனால் படைகள் இதற்கென்று தனிப் பிரிவை வைத்திருப்பதற்குப் பின்னால் கசப்பான வரலாறு ஒன்று இருக்கிறது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில், குண்டடிபட்டு மாண்ட பிரிட்டிஷ் வீரர்களைவிட நோயில் மாண்டவர்களே அதிகம். 1900ஆம் ஆண்டில், பிணங்கள் மிதந்துவந்த மோடர் ஆற்று நீரைக் குடித்த படை புளூம்ஃபொன்டெய்ன் நகரை அடைந்தபோது, டைஃபாய்டு காய்ச்சல் ஆயிரக்கணக்கானோரைப் படுக்கையில் தள்ளியது. பின்வந்த ஆண்டுகளில் அமெரிக்கப் படை மருத்துவர்களான கார்ல் டார்னல் திரவக் குளோரினைக் கொண்டும், வில்லியம் லிஸ்டர் துணிப்பையில் நிரப்பிய நீரில் குளோரின் தரும் தூளான கால்சியம் ஹைப்போகுளோரைட்டைக் கலந்தும் நீரைத் தூய்மையாக்கும் முறைகளை உருவாக்கினர். இன்று அமெரிக்கத் தரைப்படையில் இந்தப் பணிக்கு 92டபிள்யூ என்று தனிக் குறியீடே உண்டு. கனடாவிலோ நீர், எரிபொருள், சுற்றுச்சூழல் மூன்றையும் ஒரே தொழிலாக இணைத்திருக்கிறார்கள். உங்கள் மகன் முதலில் எல்லோரையும்போல அடிப்படைப் போர்ப் பயிற்சியை முடித்தாக வேண்டும் என்பதையும், துப்பாக்கியைத் தொடாத வேலை இது அன்று என்பதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆர்.ஓ. இயந்திரம் ஒன்று இருந்தால் எந்த நீரையும் குடிநீராக்கிவிடலாமே. தொழில்நுட்பவியலர் அங்கே செய்வதற்கு என்ன இருக்கிறது?

பதில்: இயந்திரத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைப்பவர்கள்தான், உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் அதன் சவ்வை விரைவில் அடைத்துவிடுகிறவர்கள். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க வேண்டுமானால் அந்நீரின் இயல்பான சவ்வூடு அழுத்தமான ஏறத்தாழ 27 பாரைத் (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம்) தாண்டித் தள்ள வேண்டும். நடைமுறையில் 55 முதல் 70 பார் வரை அழுத்தம் கொடுக்கிறார்கள். அத்தனை அழுத்தத்தில் சேறும் பாசியும் கலந்த நீரைச் செலுத்தினால் சவ்வு வெகு விரைவில் பயனற்றுப்போகும். ஆகவே நீர் இயந்திரத்துக்குள் நுழைவதற்கு முன்பே வேலையின் கடினமான பகுதி தொடங்கிவிடுகிறது. ஆற்றின் எந்த இடத்தில் உறிஞ்சு குழாயை இறக்குவது, மேல்பகுதியில் கால்நடைகளோ குடியிருப்போ தொழிற்சாலையோ இருக்கின்றனவா, மழை பெய்தால் கலங்கல் எவ்வளவு ஏறும் என்பவற்றையெல்லாம் நேரில் நடந்து பார்த்து முடிவுசெய்ய வேண்டும். பிறகு கலங்கலைத் திரளச் செய்து படியவிடுவதற்கு எவ்வளவு படிகாரம் தேவை என்பதைச் சில கண்ணாடிக் குவளைகளில் வெவ்வேறு அளவில் கலந்து சோதிக்க வேண்டும். நேற்றைய அளவு இன்றைய நீருக்குப் பொருந்தாது.

கடைசியில் சேர்க்கும் குளோரின்தான் முகாமின் தொட்டியிலும் குழாயிலும் நீரைக் காவல் காக்கிறது. குளோரின் சேர்த்து அரை மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது மீதக் குளோரின் இருக்க வேண்டும் என்பதும், அது வேலைசெய்ய நீர் தெளிவாகவும் அதன் பி.எச். அளவு 8க்குக் கீழும் இருக்க வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். கணக்கு எளிதுதான். 10,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் மொத்தம் 20 கிராம் தேவை; கையிலிருக்கும் குளோரின் தூளில் 65 விழுக்காடுதான் குளோரின் என்றால் ஏறத்தாழ 31 கிராம் தூளைக் கலக்க வேண்டும். ஆனால் நீரில் கரிமப் பொருள் மிகுந்திருந்தால் அந்தக் குளோரினை அதுவே தின்றுவிடும் என்பதால், கணக்கோடு நிற்காமல் அளந்து பார்த்தாக வேண்டும்.

அளப்பதிலும் ஒரு பொறி உண்டு. சிறு கண்ணாடிக் குப்பியில் நீரை எடுத்து டி.பி.டி. மாத்திரையை நசுக்கிப் போட்டால், குளோரின் இருக்கும் நீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். ஆனால் குளோரின் அளவுக்கு மீறிப் போனால் அதுவே அந்த நிறத்தை வெளுத்துவிடும். குப்பி ஒரு நொடி சிவந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளிந்துபோகும். புதியவர் 'குளோரின் இல்லை' என்று எழுதிக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூளைக் கொட்டுவார். பழகியவரோ மாதிரி நீரைத் தூய நீரால் பல மடங்கு நீர்த்து மறுபடியும் சோதிப்பார். இயந்திரம் இந்த ஐயத்தை எழுப்பாது; தொழில்நுட்பவியலர்தான் எழுப்ப வேண்டும்.

இந்தத் திறமை போர்க்களத்துக்கு மட்டும் உரியது அன்று. 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு, கனடியப் படையின் பேரிடர் உதவிக் குழு 2005 ஜனவரியில் இலங்கையின் அம்பாறை மாவட்டத்துக்குச் சென்று, சுத்திகரிப்பு இயந்திரங்களை நிறுவிப் பல இலட்சம் லிட்டர் குடிநீரை மக்களுக்கு வழங்கியது.

கேள்வி: பணியின் பெயரில் 'சுற்றுச்சூழல்' என்று சேர்த்திருப்பது வெறும் அலங்காரம்தானே? படைகளுக்கு அதில் உண்மையான அக்கறை இருக்குமா?

பதில்: அக்கறை இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன, அவற்றைச் சொல்வதே இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில். என்னைப் பொறுத்தவரை இந்தப் பணியில் குழாய் வழியே உள்ளே வரும் நீரைவிட, முகாமிலிருந்து வெளியே போகும் நீர்தான் பெரிய பொறுப்பு. குடிநீர் கெட்டால் முகாமே கூச்சலிடும். கழிவுநீர் கசிந்தால் அதைக் குடிப்பவர் வேறு யாரோ. அவருடைய குரல் முகாமின் வாசலுக்குள் வருவதில்லை.

ஹெய்ட்டியில் நடந்தது அதுதான். 2010 அக்டோபரில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் காலராவைக் கண்டிராத அந்த நாட்டில் நோய் வெடித்தது. மிர்பலே நகருக்கு அருகே ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் முகாம் ஒன்றிலிருந்து வெளியேறிய கழிவு, ஆர்ட்டிபொனிட் ஆற்றில் கலக்கும் ஓடையை அடைந்திருந்தது. அந்த முகாமின் கழிப்பறைக் குழாய் அமைப்பு ஒழுங்கற்றிருந்ததை ஐ.நா. நியமித்த வல்லுநர் குழுவே பதிவு செய்தது. பின்வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 பேர் உயிரிழந்தனர்; 2016இல் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார். குழாய்களை ஒழுங்காக இணைப்பதும், கழிவுக்குழியை நீரோட்டத்திலிருந்து தள்ளி அமைப்பதும், வெளியேறும் நீருக்குக் குளோரின் இடுவதும் புதிய விஞ்ஞானம் அல்ல. 'குழாய் ரிப்பேர்' என்று கேலி பேசுவோர் இதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள கேம்ப் லெஜூன் மரைன் படை முகாமில் 1950களிலிருந்து 1980கள் வரை, கரைப்பான்களும் பென்சீனும் கலந்த கிணற்று நீரையே வீரர்களும் குடும்பத்தினரும் குடித்தனர். ஒரு பகுதி மாசு முகாமுக்குள்ளேயே கசிந்த தொட்டிகளிலிருந்தும் கொட்டப்பட்ட கழிவுகளிலிருந்தும் வந்தது. மற்றொரு பகுதி வேலிக்கு வெளியேயிருந்த உலர்சலவைக் கடையிலிருந்து வந்தது. ஹவாயில் 2021 நவம்பரில் ரெட் ஹில் எரிபொருள் கிடங்கிலிருந்து கசிந்த எரிபொருள், பேர்ல் ஹார்பர் பகுதியில் ஏறத்தாழ 93,000 பேருக்கு நீர் தரும் அமைப்பில் கலந்தது. குழாய்நீரில் பெட்ரோலிய வாடை அடிப்பதாகக் குடும்பங்கள் சொன்ன பிறகே செய்தி பரவியது. எரிபொருளையும் நீரையும் ஒரே தொழிலாளியின் பொறுப்பில் கனடா வைத்திருப்பது இதனால்தான் எனக்கு அறிவுள்ள ஏற்பாடாகத் தோன்றுகிறது. தீயணைப்பு நுரையில் இருந்த பி.எஃப்.ஏ.எஸ். வேதிப்பொருள்கள் விமானத்தளங்களைச் சுற்றிய நிலத்தடி நீரில் கலந்திருப்பது இன்னும் முடியாத கதை. அவை எளிதில் சிதைவதில்லை; கொதிக்க வைத்தாலும் போகாது.

கேள்வி: வேதிப்பொருள்களோடும் சாக்கடையோடும் வேலை என்றால் உடல்நலம் என்னாகும்?

பதில்: ஆபத்து உண்டு, ஆனால் ஒழுங்காகப் பழகினால் தவிர்க்கக்கூடிய ஆபத்துதான். கால்சியம் ஹைப்போகுளோரைட்டை எண்ணெய், எரிபொருள், பிரேக் திரவம் ஆகியவற்றுக்கு அருகே வைக்கவே கூடாது. சிறிது பட்டாலும் தானே தீப்பற்றக்கூடும். அமிலம் பட்டால் நச்சுவாயு கிளம்பும். வாகனப் பணிமனைக்குப் பக்கத்தில் காலியாக ஓர் அறை கிடைத்தது என்று அங்கே தூள் வாளிகளை அடுக்குவது முகாம்களில் எளிதில் நேரக்கூடிய தவறு.

இதைவிட நான் அஞ்சுவது கழிவுநீர்த் தொட்டிகளை. அழுகிய முட்டை நாற்றம் கொண்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு அங்கே தேங்கும். அதன் செறிவு உயர்ந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாடை போய்விட்டது, இறங்கலாம்' என்று நினைப்பவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் அப்படியே விழுவார். வாயுமானியால் அளக்காமல், காற்றோட்டம் செய்யாமல், கயிறோடு மேலே ஒருவர் நிற்காமல், எந்த அதிகாரி அவசரப்படுத்தினாலும் இறங்க மறுக்கும் துணிவு இந்தப் பணிக்கு வேண்டும்.

கேள்வி: படையிலிருந்து விலகிய பிறகு இந்த அனுபவம் சோறு போடுமா?

பதில்: போடும். குடிநீர் நிலையமும் கழிவுநீர் நிலையமும் தேவைப்படாத நகரம் இல்லை. ஆனால் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் அந்நிலையங்களை இயக்கத் தனி உரிமம் வேண்டும். படையில் பெற்ற பயிற்சியில் எவ்வளவு கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்பது அந்தந்த மாநில, மாகாண விதிகளைப் பொறுத்தது. ஆகவே பணியில் இருக்கும்போதே எந்த வகை நிலையத்தை எத்தனை மணி நேரம் இயக்கினீர்கள், எந்தச் சோதனைகளைச் செய்தீர்கள் என்பதைக் குறித்துவைத்து, மேலதிகாரியின் கையெழுத்தையும் அவ்வப்போது வாங்கிக்கொள்ளுங்கள்; அவர் இடமாற்றலாகிப் போன பிறகு அந்தக் கையெழுத்துக்கு அலைவது வீண் வேலை.