காரின் முன் சக்கர பேரிங்கை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

கேள்வி கேட்டவர் சொன்னது இவ்வளவுதான்: காரில் முன்பக்கம் ஊங்காரம் போல ஒரு சத்தம், பேரிங் போய்விட்டது என்கிறார் மெக்கானிக், வீட்டில் ஜாக்கியும் ஓரளவு பானா செட்டும் இருக்கிறது, நானே மாற்றிவிடலாமா?

முக்கால்வாசி வேலையை நீங்களே செய்யலாம். மிச்சம் கால்வாசிக்கு லேத் பட்டறைக்குப் போகத்தான் வேண்டும். அந்தக் கால்வாசியையும் வீட்டிலேயே முடிக்கிறேன் என்று இறங்கி, புத்தம்புது பேரிங் ஒன்றை என் கையாலேயே கெடுத்தவன் நான். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

எனக்கு ஊர் கோட்டையூர். காரைக்குடிக்குத் தினமும் போய்வர, மாதம் ஒரு தடவை மதுரைக்குப் போக ஒரு பழைய ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் அடைமழை. மதுரையிலிருந்து நிற்காமல் ஓட்டி வந்த சூட்டோடு, ஊரணி நிரம்பி ரோட்டில் ஓடிய தண்ணீருக்குள் வண்டியை விட்டேன். வேறு வழியும் இல்லை. ஓடிச் சூடான பேரிங் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அப்போது வாயை அடைத்திருக்கும் ரப்பர் சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் கலந்த கிரீஸ் வழுவழுப்பை இழந்துவிடும், பிறகு துரு. தை பிறப்பதற்குள் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

நாற்பதில் ஒன்றும் தெரியாது. அறுபதைத் தாண்டினால் தூரத்தில் ரைஸ்மில் ஓடுவது போல ஒரு முனகல். எண்பதில் பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டும். முதலில் டயர் தேய்மானம் என்றுதான் நினைத்தேன். வித்தியாசம் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும். புதுத் தார் வந்தால் அடங்கும், சொரசொரப்பான இடத்தில் கூடும். பேரிங்குக்கு ரோடு பற்றிக் கவலை இல்லை, வேகம் மட்டும்தான் கணக்கு. அதே வேகத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்தும் முனகல் அப்படியே இருந்தால் இன்ஜின் மேல் பழி போட முடியாது.

எந்தப் பக்கம் என்பதற்கு வளைவு உதவும். வண்டி இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்தில் ஏறும். குன்றக்குடி வழியாகத் திருப்பத்தூர் போகும் ரோட்டில் நீளமான இடது வளைவு ஒன்றில் என் வண்டியின் முனகல் கூடியது, வலது வளைவில் குறைந்தது. ஆக, வலது பேரிங். பெரும்பாலும் இந்தக் கணக்கு சரியாக வரும், ஆனால் இதை மட்டும் நம்பிச் சாமான் வாங்காதீர்கள். இரும்பு உடம்பு வழியாகச் சத்தம் எங்கேயோ புறப்பட்டு எங்கேயோ வந்து கேட்கும்.

நான் நம்புவது விரலைத்தான். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். இன்னொரு கையின் விரல்களை ஷாக் அப்சார்பர் மேல் இருக்கும் சுருள் ஸ்பிரிங்கில் மெதுவாக வையுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங் செத்த மாதிரி சும்மா இருக்கும். கெட்டுப்போனது என்றால் அரிசியில் கல் அரைபடுவது போல நறநறவென்று விரல் நுனியில் ஏறும். இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள், சந்தேகமே வராது. அப்புறம் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் காணாமல் போனால் பேரிங். அப்படியும் ஆடினால் பால் ஜாயிண்ட் பக்கம், அதாவது சக்கரத்தை அடியில் தாங்கும் கையோடு இணைக்கும் குண்டு மூட்டுப் பக்கம் பாருங்கள். சத்தம் நிறைய இருந்தும் ஆட்டமே இல்லாமல் இருக்கலாம். என்னுடையதும் அப்படித்தான்.

வேலை செய்யும் இடம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வெயில் படாமல் முகப்பிலேயே வேலையை வைத்துக்கொள்ளலாம் என்று ஜாக்கியோடு நின்றேன். ஆத்தா பார்த்துவிட்டார். "ஏப்பா, கல்லு ஒடஞ்சா ஆத்தங்குடிக்குப் போயி இதே பூவுல ஒரு கல்லு வாங்கியாந்துருவியா?" என்றார். ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் கையால் வார்ப்பது. வண்டியின் எடை ஜாக்கியின் உள்ளங்கை அகல அடித்தட்டில் இறங்கினால் தாங்காது, கிரீஸ் பட்டாலும் கறை ஏறிவிடும். பின்கட்டுக்கு வெளியே செம்மண் தரைக்குப் போனேன். அங்கே ஜாக்கி மண்ணுக்குள் இறங்கும். பழைய நிலை ஒன்றிலிருந்து கழித்துப் போட்டிருந்த பர்மாத் தேக்குத் துண்டுதான் அடியில் போட்ட பலகை. அதை விற்றிருந்தால் பேரிங் வாங்கிய காசு திரும்ப வந்திருக்கும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஸ்டாண்டு கட்டாயம். அது போக, கழற்றிய சக்கரத்தைப் படுக்கைவாட்டில் வண்டியின் பக்கவாட்டுக்கு அடியில் தள்ளி வையுங்கள். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை.

கழற்றும் வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பொறுமையும் துரு எண்ணெயும்தான் முக்கியம். நடுவில் இருக்கும் பெரிய ஆக்ஸில் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே இளக்கிவிட வேண்டும். சின்னக் கார்களில் 30, 32 எம்எம் வாக்கில் இருக்கும். அதன் உதடு ஆக்ஸில் பள்ளத்துக்குள் அடித்து மடக்கப்பட்டிருக்கும். சின்ன உளியால் அதை நிமிர்த்திவிட்டுத்தான் சாக்கெட்டைப் போட வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதிக்க, ஒரு மீட்டர் குழாயை மாட்டி அழுத்தினால் விடும். அதன் பிறகு வண்டியை ஓர் அடிகூட உருட்டக் கூடாது. அந்த நட்டுதான் பேரிங்கின் உள் வளையத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அப்புறம் சக்கரம், பிரேக் கட்டையைப் பிடித்திருக்கும் காலிப்பர், அது கவ்வும் டிஸ்க். காலிப்பரைக் கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு) இருந்தால், சக்கர வேகத்தை அளக்கும் அதன் சென்சாரை முதலில் கழற்றி ஓரமாக வையுங்கள். ஸ்டீயரிங்கிலிருந்து வரும் டை ராட், பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பரின் இரண்டு போல்ட் ஆகியவற்றை விடுவித்தால், பேரிங்கைத் தனக்குள் வைத்திருக்கும் இரும்பு வார்ப்பான நக்கிள் கையோடு வந்துவிடும். ஆக்ஸிலை வெளியே பிடித்து இழுக்காதீர்கள், உள்பக்க ஜாயிண்ட் கழன்றுகொண்டால் அது தனிக் கதை.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். எதிர்வீட்டு டிரைவர் அண்ணன் பல வருஷம் அம்பாசடரும் வேனும் ஓட்டியவர். "தட்டிப் போட்டா உக்காந்துக்கும் தம்பி, இதுக்கா பட்டறைக்குப் போவாக?" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. பின் சக்கரம் இழுக்கும் பழைய வண்டிகளில் முன் ஹப்புக்குள் (சக்கரம் போல்ட் போட்டு மாட்டும் நடுப்பகுதி) இரண்டு தனித்தனி பேரிங் இருக்கும். கழற்றி, கழுவி, கிரீஸ் வைத்து, நட்டை இறுக்கி இளக்கி ஆட்டத்தைச் சரிசெய்து மாட்டுவார்கள். வளையத்தைச் சுத்தியலால் தட்டி இறக்கலாம். ஆனால் முன் சக்கரம் இழுக்கும் இன்றைய கார்கள் பலவற்றில் இருப்பது வேறு ஜாதி. வெளி வளையம், உள் வளையம், நடுவில் இரண்டு வரிசைக் குண்டு, இரண்டு பக்கமும் சீல் என்று ஒரே உருளையாக வரும். வெளி வளையம் நக்கிளுக்குள் இறுக்கம். உள் வளையம் ஹப் மேல் இறுக்கம். இதைப் புரிந்துகொண்டால் மிச்சமெல்லாம் புரிந்துவிடும்.

நான் செய்தது இது. நக்கிளைக் கட்டை மேல் வைத்து, பேரிங்கை எப்படியோ உள்ளே இறக்கிவிட்டேன். பிறகு ஹப்பை மேலே வைத்து இரண்டு கிலோ சுத்தியலால் போட்டேன். உள் வளையத்துக்கு அடியில் தாங்கல் எதுவும் இல்லை. அடியின் வேகம் ஹப்பிலிருந்து உள் வளையத்துக்கு, அங்கிருந்து குண்டுகளுக்கு, குண்டுகள் வழியாக வெளி வளையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குண்டு எஃகு, ஓடும் பாதையும் எஃகு. தொடும் இடமோ கடுகு அளவுதான். ஒவ்வோர் அடிக்கும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி விழுந்திருக்கும். மாட்டி ஓட்டியபோது சத்தமே இல்லை. டிரைவர் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது மாதம் ரைஸ்மில் மறுபடி ஓட ஆரம்பித்தது.

இரண்டாம் தடவை நக்கிளைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு காரைக்குடியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் பேரிங்கைத் தொடும் முன் நக்கிளைத் திருப்பிப் பார்த்து, துருவுக்குள் ஒளிந்திருந்த சர்க்கிளிப்பை, அதாவது பேரிங் நழுவாமல் தடுக்கும் கம்பி வளையத்தைக் கழற்றினார். அதை மறந்துவிட்டு பிரஸ்ஸில் (பம்ப் அடித்து அழுத்தும் இயந்திரம்) அழுத்தம் கொடுப்பவர்கள் உண்டாம், நக்கிளே விண்டுபோகுமாம். ஹப்பைத் தள்ளி எடுத்ததும், இரண்டு துண்டாக இருக்கும் உள் வளையத்தின் ஒரு பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டே வந்தது. அது எப்போதும் அப்படித்தான் வரும், பயப்படாதீர்கள். கிரைண்டரால் முக்கால் ஆழம் அறுத்து, உளியை வைத்து ஒரே தட்டு. வளையம் வெடித்துக் கழன்றது. ஹப்பில் கீறல் விழாமல் அறுப்பதற்குத்தான் கை வேண்டும்.

பழைய பேரிங்கின் வெளி வளையத்தை அவர் தூக்கிப் போடவில்லை. வெளிப்பக்கத்தை ஒரு நூல் அளவு தேய்த்துக் கையில் வைத்துக்கொண்டார். புது பேரிங்கை நக்கிள் வாயில் நேராக வைத்து, அந்தத் தேய்த்த வளையத்தை அதன் வெளி வளையத்தின் மேல் வைத்து பிரஸ்ஸை இறக்கினார். குண்டின் மேல் துளி பாரம் இல்லை. அடியில் போய் உட்கார்ந்ததும் 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம், பம்ப் அடிக்கும் கைப்பிடி இறுகி நின்றது. சர்க்கிளிப் பள்ளம் முழுசாகத் தெரிந்தது. தெரியவில்லை என்றால் பேரிங் இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம். பிறகு ஹப். இப்போது நக்கிளைத் தாங்கவில்லை. உள் வளையத்தின் அடியில் ஒரு குழாய்த் துண்டை நிறுத்தி, அதன் மேல் பாரத்தை வாங்கினார். நான் வீட்டில் விட்டது அந்தக் குழாய்த் துண்டு ஒன்றைத்தான். முடித்ததும் ஹப்பை ஒற்றை விரலால் சுற்றிக் காட்டினார். 400 ரூபாய் கேட்டார், மறுபேச்சு பேசவில்லை.

ஏபிஎஸ் வண்டி என்றால் இன்னொன்று. பல பேரிங்குகளில் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் பேரிங் நன்றாகத்தான் ஓடும், ஆனால் ஏபிஎஸ் விளக்கு அணையாது. அதைச் சரிசெய்ய மறுபடி பிரஸ், மறுபடி புது பேரிங். கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் சின்ன ஊசியைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், காந்தப் பக்கம் இழுக்கும். காந்தத் திருப்புளி, ஸ்பீக்கர் இவற்றின் பக்கத்தில் அந்த பேரிங்கை வைக்கவே வேண்டாம். பட்டறைக்காரரிடமும் எந்தப் பக்கம் உள்ளே என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், அவருக்கு உங்கள் வண்டி தெரியாது.

திரும்ப மாட்டுவது கழற்றியதன் தலைகீழ். ஆக்ஸில் நட்டு மட்டும் புதிது போடுங்கள். அதன் இறுக்கத்தை டார்க் ரெஞ்சில் அளந்தே ஆக வேண்டும், எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். 200 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் குழாயின் நுனியில் 20 கிலோ தொங்கவிட்ட அளவு என்று மனசில் வைத்துக்கொள்ளலாம். மனசில் வைத்துக்கொள்ளத்தான், அளக்க அல்ல. குறைந்தால் உள் வளையத்தின் இரண்டு பாதியும் நெகிழ்ந்து பேரிங் சீக்கிரம் போகும். இறுக்கியதும் உதட்டை மறுபடி பள்ளத்துக்குள் அடித்து மடக்குங்கள். ஷாக் அப்சார்பர் போல்ட்டைக் கழற்றியதால் வீல் அலைன்மெண்ட் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

முடித்த அன்று சாயங்காலம் டிரைவர் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து தேவகோட்டை ரோட்டில் ஒரு சுற்று போனேன். எண்பதில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பேரிங் பற்றி வாயே திறக்கவில்லை. பாதி தூரத்தில், "ஏசி காத்தாடி கத்துதே தம்பி, அதையும் பாக்கக் கூடாதா?" என்றார். அது எப்போதிலிருந்து கத்துகிறது என்று எனக்குத் தெரியாது. அதுவரை கேட்டதே இல்லை.