பீர் மட்டும்தான் டாக்டர்! குடி பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்

"நான் ஹாட் தொடுவதே இல்லை. சனிக்கிழமை இரண்டு ஸ்ட்ராங் பீர் மட்டும்தான். அதிலுமா பிரச்சினை?" (34 வயது, வேளச்சேரி)

ஒரு கணக்குப் போடலாம். குவார்ட்டர் பிராந்தி 180 மில்லி, 42.8 சதவீதம், அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் என்று வைத்தால் பாட்டிலுக்கு 40 கிராம், இரண்டுக்கு 80. குவார்ட்டரோடு நிறுத்திய நண்பரைவிட நீங்கள்தான் அதிகம் குடித்திருக்கிறீர்கள். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும், மோரோ எலுமிச்சையோ அதை வேகப்படுத்தாது. ராத்திரி குடித்துவிட்டு விடிகாலையில் காசிமேட்டுக்கு மீன் வாங்க பைக் எடுக்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், அப்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023-இலேயே சொல்லிவிட்டது.

"கணவர் 12 வருடமாக தினமும் குடிக்கிறார், காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது. ஐயப்பனுக்கு மாலை போட்டு அன்றோடு விடப்போகிறேன் என்கிறார். அதுவரை, குழம்பில் கலக்கச் சொல்லி தெரிந்தவர் கொடுத்த பொடியைக் கலக்கலாமா?" (அம்பத்தூர்)

வேண்டாம் அம்மா, அந்தப் பொடியை முதலில் தூக்கிப் போடுங்கள். அதில் டைசல்ஃபிரம் (குடியை விடுவதற்காகக் கொடுக்கும் மருந்து) மாதிரி மாத்திரை இருந்து, தெரியாமல் அவர் மேலே குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்தை நாங்களே நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் கொடுப்போம்.

அவர் விடவேண்டும் என்று நினைக்கிறாரே, அது பெரிய விஷயம், அதைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் காலையிலேயே கை நடுங்குகிறவர் திடீரென்று நிறுத்துவதுதான் எனக்குப் பயம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாள் கழித்து ஆள் அடையாளம் தெரியாமல், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று பிதற்றலாம். வீட்டில் இதைக் காத்து கருப்பு என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தை விட்டுவிடுகிறார்கள், மனசு பதறுகிறது. அப்படி ஆனால் உடனே 108. மாலை போடுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கோ, பக்கத்து அரசு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ கூட்டிப்போங்கள். நடுக்கத்தை அடக்க மாத்திரையும், மூளையைக் காக்க தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டுப் படிப்படியாக இறக்குவார்கள். கிளம்பும் முன் யாரிடமாவது பேசவேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

"தூக்கத்துக்காக ஒரு கட்டிங் போடுகிறேன், கூடவே தூக்க மாத்திரையும் உண்டு. சரியா?" (61 வயது, மயிலாப்பூர்)

சரியில்லை சார். கட்டிங் தூக்கத்தை வரவழைக்கும், அப்புறம் நடு ராத்திரியில் கலைத்தும் விடும். இரண்டையும் சேர்த்தால் மூச்சே மந்தமாகலாம். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கட்டிங் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இந்த வாரமே.