மரத் தானியக் கோபுரங்கள் படத்தில் சாய்வது ஏன்?

வணக்கம். கனடாவின் மனிடோபா மாகாணத்து இங்லிஸ் ஊரில் 1922 முதல் எழுந்த ஐந்து மரத் தானியக் கோபுரங்களும் (தானியத்தைச் சேமித்து ரயிலில் ஏற்றுவதற்கான உயரமான கட்டடங்கள்) உங்கள் படத்தில் பின்னோக்கிச் சாய்ந்து, உச்சி குறுகித் தெரிவதாக எழுதியிருந்தீர்கள். மிக அகன்ற காட்சியைப் பிடிக்கும் 16 மிமீ லென்ஸுடன் மிக அருகில் நின்று கேமராவை மேல்நோக்கிப் பிடித்ததே காரணம். கோபுர உயரத்தைப் போல நான்கு மடங்கு தொலைவுக்குப் பின்வாங்கி, 35 மிமீ லென்ஸுடன் கேமராவைக் கிடைமட்டமாக வைத்து எடுத்து, கீழே மிஞ்சும் புல்வெளியைப் பிறகு வெட்டிவிடுங்கள். செங்குத்துக் கோடுகள் நேராகவே நிற்கும்.

ஒளியை இதைவிடவும் முக்கியமாகக் கருதுகிறேன். நண்பகலில் தட்டையாகத் தோன்றும் சுவரில், மாலை வெயில் பக்கவாட்டில் உரசும்போதுதான் ஒவ்வொரு பலகையும் தன் மெல்லிய நிழலோடு துலங்கும். அந்த அழகுக்காக ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம். ரயில் இன்னும் ஓடும் பிற ஊர்களில் மட்டும் தண்டவாளத்தின் மேல் ஏறாதீர்கள்.