85,000 ரூபாய் கட்டி டெராஃபார்ம் படிக்க வேண்டுமா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகன் மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ். டெராஃபார்மும் சேர்ந்த டெவ்ஆப்ஸ் (மென்பொருளைச் சர்வர்களில் ஓடவைத்துப் பராமரிக்கும் வேலை) பயிற்சிக்கு 85,000 ரூபாய் கேட்கிறார்கள், நகையை வைத்துக் கட்டலாமா என்கிறீர்கள். போதாக்குறைக்கு உங்கள் தம்பி வேறு, "டெராஃபார்மை அந்தக் கம்பெனியே பூட்டிவிட்டதாமே, படித்தும் வீண்தானே" என்று பயமுறுத்தியிருக்கிறார்.

தம்பி சொன்னதில் பாதி உண்மை. டெராஃபார்ம் என்பது, வேண்டிய சர்வர்களை ஃபைலில் எழுதி, கிளவுட்டில் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளில்) அமைக்கிற கருவி. அதை உருவாக்கிய ஹாஷிகார்ப் கம்பெனி 2023 ஆகஸ்டில் அதன் உரிமத்தை, அதாவது யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற விதியை, மாற்றியது. இதை வைத்து எங்களுக்கே போட்டியாகக் கடை விரிக்கக் கூடாது என்பதுதான் மாற்றத்தின் சாரம். சும்மா பயன்படுத்துகிறவர்களுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு பைசா கூடவில்லை. ஆனாலும் கோபப்பட்டவர்கள் பழைய உரிமத்தில் இருந்த நிரலை எடுத்துக்கொண்டு ஓப்பன்டோஃபு என்று தனிக்குடித்தனம் போனார்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதற்கு இடம் கொடுத்தது. ஹாஷிகார்ப்பை அப்புறம் ஐபிஎம் 640 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது.

இத்தனை கலாட்டாவில் டெராஃபார்ம் கற்றிருந்தவருக்கு என்ன நஷ்டம்? 'டெராஃபார்ம் அப்ளை' என்று அடித்த இடத்தில் 'டோஃபு அப்ளை' என்று அடிக்க வேண்டும். எழுதி வைத்த ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியே ஓடும். தகவலை வேகமாக எடுத்துத் தரும் டேட்டாபேஸான ரெடிஸின் கதையும் இதேதான். 2024 மார்ச்சில் அது உரிமத்தை இறுக்கியது. அந்த மாதம் முடிவதற்குள் அமேசான், கூகுள் ஆதரவோடு வால்கீ என்ற மாற்று கிளம்பிவிட்டது. செட், கெட் கட்டளைகள் இரண்டிலும் ஒன்றே. 2025 மே மாதம் ரெடிஸே இறங்கி வந்து, யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்கிற திறந்த மூல உரிமம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. (எனக்கு இந்தக் கம்பெனிகள் மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. இவர்கள் எழுதியதைப் பெரிய கிளவுட் நிறுவனங்கள் வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தன.)

எனக்குக் கவலை அந்த 85,000 மேல்தான். தவணையில் கட்டலாம் என்பார்கள். அந்தக் கடன் பெரும்பாலும் ஏதோ ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். பயிற்சி மையம் பாதியில் மூடினாலும் இஎம்ஐ உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கலாம். 'வேலை நிச்சயம்' என்று வாயால் சொல்வார்கள். ஒப்பந்தத்தை வாங்கிப் பாருங்கள், 'பிளேஸ்மென்ட் உதவி' என்று மட்டும் இருந்தால் அதற்கு அர்த்தமே வேறு, வேலைக்கு உறுதி இல்லை. பணம் திரும்பக் கிடைக்கும் என்றால் எந்தத் தேதிக்குள், எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

மகனுக்கு இப்போது வேண்டியது லினக்ஸ் (சர்வர்களில் ஓடும் இயங்குதளம்), நெட்வொர்க்கிங், கிட் (நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), ஒரு டேட்டாபேஸ், டாக்கர் (மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு பொதிந்து ஓடவிடும் கருவி). 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டால் இவ்வளவும் ஓடும். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ் பாடங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் தடுமாறுகிற பையன் என்று எழுதியிருந்தீர்கள், அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்.

கிளவுட் கணக்கு தொடங்க உங்கள் கார்டைக் கேட்பான். இலவசக் கணக்கு என்றாலும், சில இடங்களில் வரம்பைத் தாண்டினால் பில் வரும். ஒரு மெஷினை அணைக்க மறந்தாலே போதும். பட்ஜெட் அலர்ட் வைக்கச் சொல்லுங்கள். ஆனால் அது எச்சரிக்கை மட்டும்தான் செய்யும், செலவைத் தானாக நிறுத்தாது. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும்.

நகை இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும். இந்த செமஸ்டர் லீவுக்குள் டேட்டாபேஸோடு ஒரு சின்ன வெப்சைட்டை டாக்கரில் ஓடவிட்டு, அதன் நிரலைக் கிட்ஹப்பில் (நிரலைப் பகிரும் இணையதளம்) போடச் சொல்லுங்கள். அப்போதும் எங்கேயாவது முட்டி நின்றால், எந்த இடத்தில் என்று அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு பகுதிக்கு மட்டும் பயிற்சி தேவையா, அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்ப்போம்.