தையல் தெரியும் பந்து

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் கிரிக்கெட்டை விட்டுவிட்டுப் பேஸ்பால் ஆடுகிறான். பத்து முறை மட்டை பிடித்தால் ஏழு முறை அவுட் ஆகித் திரும்புகிறான். ஆனாலும் முகத்தில் வாட்டமே இல்லை. அப்படி என்ன இருக்கிறது அந்த ஆட்டத்தில்?
– வாசகி ஒருவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அம்மா, பத்துக்கு மூன்று முறை அடிப்பவரை அமெரிக்காவின் தலைசிறந்த லீக்கிலேயே நல்ல மட்டையாளர் என்று கொண்டாடுகிறார்கள் என்பதால், உங்கள் மகன் வாடாமல் இருப்பதில் வியப்பில்லை. வீசுபவருக்கும் மட்டையாளருக்கும் இடையே 18.44 மீட்டர்தான். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் படாமலே வரும் பந்து அரை நொடிக்குள் அதைக் கடந்துவிடும். அடிப்பதா விடுவதா என்று அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

1941-ஆம் ஆண்டுப் பருவத்தின் கடைசி நாளன்று, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி வீரர் டெட் வில்லியம்ஸின் சராசரி, முழுமையாக்கினால் .400 (அதாவது பத்து வாய்ப்புக்கு நான்கு அடி) ஆகும் நிலையில் இருந்தது. ஆடாமல் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெருமை கைநழுவாமல் இருந்திருக்கும். அவரோ அன்றைய இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, 8 வாய்ப்புகளில் 6 முறை அடித்து, .406 என்று முடித்தார். ஆடுபவர்களுக்கு இந்த ஆட்டம் என்னவென்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

ஒரு மாலை மகனுடைய பந்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெள்ளைத் தோலின்மேல் சிவப்பு நூலில் 108 இரட்டைத் தையல்கள் ஓடும்; விரல்நுனி அந்தத் தையலில் எப்படிப் படிகிறது என்பதைப் பொறுத்தே பந்து வளைவதும் தாழ்வதும் அமையும். அதை அவனே உங்கள் விரல்களைப் பிடித்துக் காட்டட்டும்.